கொரியப் படங்கள் ஏன் ஓடுகின்றன: டிக்கெட் கணக்கு முதல் திரைக்கதை வரை

கொரிய மொழிப் படங்கள் இருபது இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் உலகம் முழுக்க எப்படிப் பரவின, அவை ஓடுவதற்கு என்ன காரணம் என்பது கேள்வி. வழக்கமாகச் சொல்லப்படும் பதில்கள் இரண்டு. அரசாங்கம் பணத்தைக் கொட்டியது என்பது ஒன்று. உள்நாட்டுப் படங்களைத் திரையிட்டே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டது என்பது மற்றொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இந்த இரண்டை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் விடை தப்பாக வரும்.

முதலில் அந்தச் சட்டத்தைப் பார்ப்போம். திரையரங்குகள் ஆண்டுக்கு இத்தனை நாள் கொரியப் படம்தான் ஓட்டவேண்டும் என்ற ஒதுக்கீடு 1960களின் நடுவிலேயே வந்துவிட்டது. 1980களில் அது 146 நாள் ஆனது. அந்த விதி முழு வலுவோடு இருந்த 1993-ல் கொரியப் படங்களின் சந்தைப் பங்கு சுமார் 16 விழுக்காடுதான். விற்ற நூறு டிக்கெட்டில் 84 டிக்கெட் வெளிநாட்டுப் படங்களுக்குப் போனது. பிறகு 2006 ஜூலையில், அமெரிக்காவோடு தடையற்ற வணிக ஒப்பந்தம் பேசுவதற்காக, அரசு 146 நாளை 73 நாளாகப் பாதியாக்கியது. திரைத்துறையே தெருவுக்கு வந்து போராடியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பங்கு 64 விழுக்காட்டிலிருந்து 42-க்குச் சரிந்தது. அந்தச் சரிவுக்கும் ஒதுக்கீட்டைவிடப் பெரிய காரணங்கள் இருந்தன. 2006-ல் மட்டும் நூறுக்கு மேற்பட்ட கொரியப் படங்கள் வந்தன, பெரும்பாலானவை நஷ்டம். இணையத் திருட்டால் டிவிடி சந்தை அடியோடு போனது. ஆனால் 2011 முதல் 2019 வரை, பாதியாக்கப்பட்ட அதே ஒதுக்கீட்டோடு, ஒவ்வோர் ஆண்டும் பாதிக்கு மேற்பட்ட டிக்கெட்டுகள் கொரியப் படங்களுக்கே விற்றன. ஆக, ஒதுக்கீடு ஒரு பாதுகாப்பு. படம் எடுத்துக் கொடுக்கும் வேலையை அது செய்யாது.

அரசு கைவைத்தாலே நல்லது நடக்கும் என்பதும் சரியில்லை. ராணுவத் தளபதி பார்க் சுங்-ஹீயின் ஆட்சியில் 1962-ல் வந்த திரைப்படச் சட்டம், பதிவு பெற்ற சில நிறுவனங்கள் மட்டுமே படம் எடுக்கலாம் என்று ஆக்கியது. வெளிநாட்டுப் படத்தை இறக்குமதி செய்யும் உரிமமும் உள்நாட்டுப் படத் தயாரிப்போடு முடிச்சுப் போடப்பட்டது. லாபம் இறக்குமதியில்தான் இருந்தது. அதனால் உரிமம் வாங்குவதற்கென்றே மலிவான படங்களை அவசர அவசரமாக எடுத்துத் தள்ளினார்கள். 1960களின் தொடக்கத்தில் அருமையான படங்களைத் தந்த துறை 1970களில் படுத்ததற்கு இந்தச் சட்டமும் கடுமையான தணிக்கையும் சேர்ந்தே காரணம்.

திருப்பம் 1980களின் கடைசியில் தொடங்குகிறது, அதுவும் கசப்பான வழியில். 1988-ல் ஹாலிவுட் நிறுவனங்கள் கொரியாவில் நேரடியாகவே படங்களை விநியோகிக்க ஆரம்பித்தன. அதை எதிர்த்தவர்கள் அந்தப் படங்கள் ஓடிய திரையரங்குகளில் பாம்புகளைக் கொண்டுவந்து விடும் அளவுக்குப் போனார்கள். எதிர்ப்பு பலிக்கவில்லை. இறக்குமதி லாபத்தில் காலம் தள்ளிய பழைய தயாரிப்பாளர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். காலியான அந்த இடத்துக்குத்தான் புதியவர்கள் வந்தார்கள்.

புதியவர்களுக்குப் பணம் கொடுத்தவர்கள் யார் என்பது பலருக்குத் தெரியாத பகுதி. சாம்சங், தேவூ போன்ற பெருங்குழுமங்கள் வீட்டு வீடியோ கருவிகளைத் தயாரித்துக்கொண்டிருந்தன. கருவி விற்கவேண்டுமென்றால் போட்டுப் பார்க்கக் கேசட் வேண்டும். எனவே படத்தின் வீடியோ உரிமையை முன்பணம் கொடுத்து வாங்கினார்கள், பிறகு முழு முதலீட்டுக்கே வந்தார்கள். 1992-ல் வந்த ‘மேரேஜ் ஸ்டோரி’ இந்த வகையின் முதல் வெற்றி. இளம் தம்பதிகளிடம் பேசி, அவர்கள் சொன்னதை வைத்துத் திரைக்கதை கட்டி, யாருக்கு விற்கப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு எடுத்த படம். 1994-ல் அரசின் ஆலோசனைக் குழு ஒன்று, ‘ஜுராசிக் பார்க்’ ஒரே படத்தின் வருமானம் ஹுண்டாய் கார்கள் 15 லட்சத்தை ஏற்றுமதி செய்வதற்குச் சமம் என்று அறிக்கை கொடுத்தது. அதன்பின் சினிமாவைத் தொழிலாகப் பார்க்கும் பேச்சு அரசிலும் வலுத்தது.

பெருங்குழுமங்கள் நிலைக்கவில்லை. 1997 நிதி நெருக்கடி வந்ததும் சாம்சங், தேவூ, எஸ்கே எல்லாம் இரண்டே ஆண்டுகளில் சினிமாவைக் கைகழுவின. ஆனால் அவர்கள் ஒன்றை விட்டுச் சென்றார்கள்: பட்ஜெட், ஒப்பந்தம், வரவு செலவுத் தணிக்கை என்ற பழக்கம். அடுத்து வந்த துணிகர முதலீட்டு நிறுவனங்களுக்கு அந்தப் பழக்கம்தான் நுழைவாயில் ஆனது. சிஜே குழுமம் மட்டும் வெளியேறாமல் நின்றது. 1995-லேயே ட்ரீம்வொர்க்ஸில் 30 கோடி டாலர் போட்டிருந்த சிஜே, 1998-ல் தலைநகர் சோலின் காங்பியோன் பகுதியில் 11 திரைகளோடு நாட்டின் முதல் மல்டிபிளெக்ஸைத் திறந்தது.

இதே காலத்தில் நடந்த இன்னும் மூன்றைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1995-ல் ‘சினே21’ போன்ற தீவிரமான திரைப்பட இதழ்கள் வந்தன. 1996-ல் பூசான் திரைப்பட விழா தொடங்கியது. அதே 1996 அக்டோபரில், படங்களை முன்கூட்டியே தணிக்கை செய்வது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. என் மதிப்பீட்டில் இந்தத் தீர்ப்புக்கு உரிய முக்கியத்துவத்தை யாரும் தருவதில்லை. வட கொரியாவும் தென் கொரியாவும், ராணுவ ஆட்சி, போலீஸ் சித்திரவதை, ஊழல் அதிகாரிகள் என்று பின்னாளில் கொரியப் படங்களின் உயிராக ஆன பொருள்கள் எல்லாம் அதற்கு முன் தொட முடியாதவை.

1999-ல் காங் ஜே-க்யூவின் ‘ஷிரி’ வந்தது. வட கொரிய உளவாளியும் தென் கொரிய அதிகாரியும் காதலிக்கும் அதிரடிப் படம். ‘டைட்டானிக்’ கொரியாவில் வைத்திருந்த சாதனையை அது முறியடித்தது. அதற்கு முதலீடு செய்த சாம்சங்கின் திரைப்பிரிவு அதே ஆண்டில் மூடப்பட்டது.

இனி என் பதிலின் மையத்துக்கு வருகிறேன். கொரிய சினிமாவை உயர்த்தியது எது என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால், தோற்ற இயக்குநருக்கு அடுத்த படம் கிடைத்ததைச் சொல்வேன்.

பார்க் சான்-வூக்கின் முதல் படம் 1992-ல் வந்தது, ஓடவில்லை. இரண்டாவது 1997-ல் வந்தது, அதுவும் ஓடவில்லை. இடையில் விமர்சனம் எழுதிப் பிழைத்தார். இரண்டு தோல்விக்குப் பிறகு மியுங் ஃபிலிம்ஸ் என்ற தயாரிப்பு நிறுவனம் அவரிடம் ‘ஜாயின்ட் செக்யூரிட்டி ஏரியா’வைக் கொடுத்தது. வட, தென் கொரிய வீரர்கள் எல்லைக்கோட்டில் ரகசியமாக நண்பர்களாகும் கதை. பான்முன்ஜோம் எல்லைப் பகுதியையே நம்யாங்ஜுவில் செட்டாகக் கட்டி எடுத்தார்கள். 2000-ன் மிகப்பெரிய வெற்றி அது. அந்த வெற்றி இல்லையென்றால் 2004-ல் கான் திரைப்பட விழாவில் கிராண்ட் ப்ரீ வென்ற ‘ஓல்ட்பாய்’ இல்லை. பாங் ஜூன்-ஹோவின் முதல் படமும் 2000-ல் வந்து கவனிப்பாரின்றிப் போனது. அதைத் தயாரித்த சா சுங்-ஜேயே அடுத்து ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ எடுக்க வாய்ப்புக் கொடுத்தார். லீ சாங்-டாங் நாவலாசிரியராக இருந்து நாற்பது வயதைத் தாண்டிய பிறகே முதல் படம் எடுத்தார்.

எதிர்ப்பக்கத்துக்கும் சான்று உண்டு. ஜாங் ஜூன்-ஹ்வான் 2003-ல் எடுத்த ‘சேவ் த கிரீன் பிளானட்’ படுதோல்வி. அடுத்த முழுநீளப் படம் எடுக்க அவர் 2013 வரை காத்திருந்தார். 2017-ல் அவர் எடுத்த ‘1987’ எழுபது லட்சம் பேருக்கு மேல் பார்த்த படம். தோற்ற அந்த முதல் படத்தை 2025-ல் யோர்கோஸ் லாந்திமோஸ் ‘புகோனியா’ என்று ஆங்கிலத்தில் மறுபடி எடுத்தார். நடுவில் போன பத்து ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

தோற்றவருக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கும் தைரியம் தயாரிப்பாளருக்கு எங்கிருந்து வருகிறது? கணக்கு வெளிப்படையாக இருந்தால் வரும். பழைய முறையில் சோலுக்கு வெளியே படத்தை வட்டார விநியோகஸ்தர்களுக்கு மொத்த விலைக்கு விற்றுவிடுவார்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது தயாரிப்பாளருக்கே தெரியாது. 1993-ல் ‘சோப்யோன்ஜே’ பத்து லட்சம் பேர் பார்த்த முதல் கொரியப் படம் என்று சொல்லும்போதுகூட அது சோல் நகரக் கணக்கு மட்டுமே. மல்டிபிளெக்ஸும், 2000களில் அரசு அமைப்பான கொரியத் திரைப்படக் கவுன்சில் நிறுவிய கணினி டிக்கெட் வலையமைப்பும் இதை மாற்றின. இன்று எந்தப் படம் எந்த நாளில் எத்தனை திரையில் எத்தனை டிக்கெட் விற்றது என்பதைக் கவுன்சிலின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அங்கே வெற்றியை அளப்பதும் வசூலைவிடத் தலை எண்ணிக்கையில்தான். ஐந்து கோடிச் சொச்சம் மக்கள் உள்ள நாட்டில் ஒரு கோடிப் பேர் பார்த்த படம் என்பதே உச்சப் பட்டம். 2003 கடைசியில் வெளியான ‘சில்மிடோ’ அந்தக் கோட்டை முதலில் தொட்டது. 2014-ல் வந்த ‘தி அட்மிரல்: ரோரிங் கரன்ட்ஸ்’ 1.76 கோடியோடு இன்னும் முதலிடத்தில் இருக்கிறது.

ஒரு டிக்கெட்டின் பணம் எப்படிப் பிரிகிறது என்று போட்டுப் பார்க்கலாம். விலை 10,000 வொன் (கொரிய நாணயம்) என்று வைத்துக்கொள்வோம். அதில் 3 விழுக்காடு, அதாவது 300 வொன், திரைப்பட மேம்பாட்டு நிதிக்குப் போகும். இது 2007-ல் வந்த ஏற்பாடு. மீதியில் மதிப்புக் கூட்டு வரி சுமார் 880 வொன். கையில் நிற்பது ஏறத்தாழ 8,820. முன்பு கொரியப் படத்துக்குத் திரையரங்கும் விநியோகஸ்தரும் பாதிக்குப் பாதி எடுத்தார்கள், 2013-க்குப் பிறகு சோல் நகரின் பெரிய அரங்குகளில் அது 45-க்கு 55 என்று படத்தின் பக்கம் சாய்ந்தது. அந்தக் கணக்கில் படத்தரப்புக்கு 4,850. விநியோகக் கட்டணம் பத்தில் ஒரு பங்கு கழித்தால் 4,365 வொன். தயாரிப்பு, விளம்பரம் எல்லாம் சேர்த்து 1,000 கோடி வொன் செலவான படம் முதலைத் திரும்பப் பெற சுமார் 23 லட்சம் பேர் வரவேண்டும். அதற்கு மேல் வரும் லாபத்தை முதலீட்டாளரும் தயாரிப்பு நிறுவனமும் ஆறுக்கு நான்கு என்று பிரித்துக்கொள்வது வழக்கம்.

இந்தக் கணக்குப் படப்பிடிப்புத் தொடங்குமுன்பே எல்லோர் கையிலும் இருக்கிறது. 2019-ல் வந்த ‘எக்ஸ்ட்ரீம் ஜாப்’ படத்தைச் சுமார் 650 கோடி வொன் செலவில் எடுத்தார்கள். பெரிய நட்சத்திரச் செலவு இல்லாத நகைச்சுவைப் படம். 1.62 கோடிப் பேர் பார்த்தார்கள். இப்படி ஒரு படம் தரும் லாபம் அதே முதலீட்டு நிதியில் உள்ள பத்துத் தோல்விகளைத் தாங்கும். நிதிகளும் ஒரே படத்தில் பணம் போடாமல் பல படங்களில் சிறு சிறு பங்காகப் போடும் அமைப்பாகவே உருவாக்கப்பட்டவை. இயக்குநருக்கு அடுத்த வாய்ப்பு என்பது யாரோ ஒருவரின் பெருந்தன்மையை நம்பியில்லாமல் நடந்தது இதனால்தான்.

சரி, படத்துக்குள் என்ன இருக்கிறது? கொரியப் படங்கள் ஒரே படத்தில் சிரிப்பு, பயம், அழுகை எல்லாவற்றையும் கலக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். கலப்பதில் பெருமை ஒன்றும் இல்லை, தெற்காசியப் படங்கள் எப்போதுமே கலந்தவைதான். அந்தக் கலப்புக்குக் காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ படத்தில், இரண்டாவது பிணம் கிடைத்த வயல்காட்சியைக் கவனியுங்கள். வெட்டாமல் நீளும் ஒரே ஷாட். துப்பறியும் அதிகாரி மண்ணில் பதிந்த காலடித் தடத்தைக் காப்பாற்றக் கத்திக்கொண்டிருக்கிறார். ஊர்ப் பிள்ளைகள் சுற்றி ஓடுகிறார்கள். வரவேண்டிய தடயவியல் ஆள் வரவில்லை. மேலதிகாரி வரப்பிலிருந்து சறுக்கி விழுகிறார். கடைசியில் ஒரு டிராக்டர் அந்தத் தடத்தின் மேலேயே ஏறிப் போகிறது. பார்க்கிறவருக்குச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பே பிறகு தொண்டையில் நிற்கும், ஏனென்றால் கொலையாளி தப்பியதற்குக் காரணமே இந்தக் கோமாளித்தனம்தான். பின்னால் ஒரு காட்சியில், இன்றிரவு கொலை நடக்கும் என்று தெரிந்து கூடுதல் காவலர்களைக் கேட்கிறார்கள். எல்லோரும் ஆர்ப்பாட்டத்தை அடக்கப் போயிருக்கிறார்கள், அனுப்ப ஆள் இல்லை என்று பதில் வருகிறது. 1980களின் ராணுவ ஆட்சியைப் பற்றி யாரும் வசனம் பேசவில்லை. துப்பறியும் கதையின் ஒரு திருப்பமாகவே அது வந்துவிட்டுப் போகிறது. 1986 முதல் 1991 வரை ஹ்வாசோங்கில் நடந்த உண்மைத் தொடர்கொலைகளே படத்தின் கதை. படம் வந்து பதினாறு ஆண்டுக்குப் பிறகு, 2019-ல்தான் மரபணுச் சோதனையில் குற்றவாளி அடையாளம் தெரிந்தது. அப்போது அவன் வேறொரு கொலைக்காகச் சிறையில் இருந்தான்.

பாங்கின் மிருகப் படமான ‘தி ஹோஸ்ட்’டும் அப்படித்தான். 2000-ல் சோலிலிருந்த அமெரிக்க ராணுவத் தளத்தில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு ரசாயனத்தை வடிகாலில் ஊற்றிய நிகழ்வு பெரிய சர்ச்சையானது. படம் அங்கிருந்து தொடங்குகிறது. மிருகத்தைக் கடைசிவரை இருட்டில் ஒளித்துவைப்பது இந்த வகைப் படங்களின் மரபு. பாங் அதைப் படத்தின் முதல் கால்மணி நேரத்திலேயே பட்டப்பகலில் ஹான் ஆற்றங்கரையில் ஓடவிட்டார். மிருகம் எப்படி இருக்கும் என்ற கேள்வி தீர்ந்ததும், மீதிப் படம் முழுக்க ஓர் எளிய குடும்பத்தை அரசு எப்படிக் கைவிடுகிறது என்பதில் நிற்க முடிகிறது. மிருகம் வரும் ஷாட்டுகளும் குறைவாகப் போதும் என்பதால் கணினி வரைகலைச் செலவும் கட்டுக்குள் நின்றது.

செட்டில் வேலை நடக்கும் முறையிலும் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. பாங் முழுப் படத்தையும் ஷாட் ஷாட்டாகத் தானே வரைந்து வைத்துவிடுவார். எல்லாக் கோணத்திலும் எடுத்துவைத்துப் பிறகு எடிட்டிங்கில் தேடும் பழக்கம் அவரிடம் இல்லை. கொரியாவில் பல படங்களில் படப்பிடிப்புத் தளத்திலேயே ஓர் எடிட்டர் மடிக்கணினியோடு உட்கார்ந்து, எடுத்த ஷாட்டை அங்கேயே ஒட்டிக் காட்டுவார். பார்வைத் திசை பொருந்தவில்லை, நடிப்பின் வேகம் முந்தின ஷாட்டோடு சேரவில்லை என்றால் செட்டைக் கலைக்கும் முன்பே தெரிந்துவிடும். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. தளத்தில் ஒட்டிப் பார்த்ததே மனத்தில் பதிந்துபோய், பிறகு எடிட்டிங்கில் வேறு வழி தேடாமல் விட்டுவிடுவார்கள்.

பாங்கின் ‘பாராசைட்’, ஏழைக் குடும்பம் ஒன்று பொய் சொல்லிப் பணக்கார வீட்டில் வேலைக்குச் சேரும் கதை. அந்தப் பணக்கார வீடு உண்மையான வீடில்லை. ஜோன்ஜுவில் திறந்தவெளியில் கட்டிய செட். யார் எங்கே ஒளிந்திருந்தால் யார் கண்ணில் படமாட்டார் என்பதைத் திரைக்கதையே முடிவு செய்துவிட்டதால், அதற்கேற்ற வீடு எங்கும் கிடைக்காது. கலை இயக்குநர் லீ ஹா-ஜுனின் குழு, வரவேற்பறைக் கண்ணாடிக்குள் எந்த நேரத்தில் வெயில் எப்படி விழும் என்பதைப் பார்த்தே இடத்தையும் திசையையும் முடிவு செய்தது. ஏழைக் குடும்பத்தின் பாதிப் பாதாள வீட்டையும் தெருவையும் கோயாங்கிலுள்ள நீர்த்தொட்டி ஸ்டுடியோவுக்குள் கட்டினார்கள். வெள்ளக் காட்சியில் தெருவையே மூழ்கடிக்க வேண்டுமே.

அதே படத்தில் வீட்டு வேலைக்காரம்மாவை வெளியேற்றும் பகுதியைத் தனியாக ஒருமுறை பாருங்கள். அவருக்குப் பீச் பழம் ஒவ்வாது. தந்தை எஜமானியிடம் என்ன சொல்லவேண்டும் என்று மகன் எழுதிக்கொடுக்கிறான், வீட்டில் ஒத்திகை நடக்கிறது, உணர்ச்சியைக் கொஞ்சம் குறையுங்கள் என்று மகன் திருத்துகிறான். தந்தை வாயைத் திறக்கும்போது வெட்டு விழுந்து, அவர் எஜமானியிடம் பேசிக்கொண்டிருக்கிறார். திட்டமும் ஒத்திகையும் நிறைவேற்றமும் ஒரே இசையில் ஒன்றாகப் போகின்றன. திட்டத்தை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு நடத்திக் காட்டினால் ஒரே விஷயத்தை இரண்டு முறை பார்க்கவேண்டும். சொல்லாமல் நடத்தினால் குழப்பம் வரும். இங்கே பார்வையாளர் கூட்டுச் சதியாளராகவே ஆகிவிடுகிறார். படத்தின் பிற்பகுதியில் வரும் குற்ற உணர்ச்சிக்கு விதை இங்கேதான் போடப்படுகிறது.

நடிகர்களைப் பற்றிச் சுருக்கமாக. சாங் காங்-ஹோ மேடையிலிருந்து வந்தவர். சோல் க்யுங்-கு, ஹ்வாங் ஜுங்-மின், கிம் யூன்-சோக் ஆகியோர் சோலின் தேஹாங்னோ பகுதியில் இருந்த ஹாக்ஜோன் அரங்கின் ‘லைன் 1’ இசை நாடகத்தில் வளர்ந்தவர்கள். முகவெட்டைவிடக் குரலும் உடலும் பழகியவர்கள் கதாநாயகர்களாக ஆனதால்தான் கதைகளும் நடுத்தர வயதுத் தோல்வியாளர்களைச் சுற்றி எழுதப்பட்டன.

இந்தப் படங்கள் முதலில் உள்ளூர்ப் பார்வையாளருக்காகவே எடுக்கப்பட்டவை என்பதையும் மறக்கக்கூடாது. கோவிட்டுக்கு முன் ஒரு கொரியர் ஆண்டுக்குச் சராசரியாக நான்கு தடவைக்கு மேல் திரையரங்குக்குப் போனார். உலகிலேயே மிக அதிகமான எண்ணிக்கைகளில் ஒன்று அது. படங்கள் பெரும்பாலும் புதன்கிழமை வெளியாகும். வியாழன், வெள்ளிக்குள் வாய்வார்த்தை பரவி, சனி ஞாயிறில் விதி முடிவாகிவிடும். அந்தப் பார்வையாளர்கள் படத்தோடு கொண்ட உறவும் ஆழமானது. காது கேளாத மாணவர்கள் மீதான பாலியல் வன்முறையைப் பற்றி 2011-ல் ஹ்வாங் டாங்-ஹ்யுக் எடுத்த ‘சைலன்ஸ்ட்’ படத்துக்குப் பின் எழுந்த கோபத்தில் சட்டமே திருத்தப்பட்டது. அதே இயக்குநர்தான் பத்து ஆண்டு கழித்து ‘ஸ்குவிட் கேம்’ தொடரை எடுத்தார். கதையையே ஏற்றுமதிச் சரக்காக ஆக்கியதும் உண்டு. 2014-ல் வந்த ‘மிஸ் கிரானி’யைச் சிஜே சீனா, வியட்நாம், ஜப்பான், இந்தோனேசியா என்று ஒவ்வொரு நாட்டிலும் அந்தந்த ஊர் வழக்கத்தோடு மறுபடி எடுக்க வைத்தது. தெலுங்கில் சமந்தா நடித்த ‘ஓ! பேபி’ அந்தக் கதையே.

எங்கே தப்பாகிறது என்பதையும் பார்க்கவேண்டும். முதல் நோய், படம் எடுப்பவரும் விநியோகிப்பவரும் திரையரங்கு வைத்திருப்பவரும் ஒரே குழுமமாக இருப்பது. சிஜேயின் சிஜிவி, லோட்டே, மெகாபாக்ஸ் என்ற மூன்று திரையரங்கு நிறுவனங்களும் நாட்டின் திரைகளில் மிகப் பெரும்பாலானவற்றை வைத்திருக்கின்றன. 2017-ல் சிஜே வெளியிட்ட ‘தி பேட்டில்ஷிப் ஐலண்ட்’ முதல் நாளே 2,027 திரைகளில் வந்தது. வேறு படம் பார்க்க வழியே இல்லை என்ற கோபமும், வரலாற்றைக் கையாண்ட விதம் பற்றிய சர்ச்சையும் சேர்ந்து படத்தைச் சாய்த்தன. அத்தனை திரைகள் கிடைத்தும் 66 லட்சம் பேரோடு நின்றுபோனது.

இரண்டாவது நோய், பட்ஜெட் ஊதிப்போவது. 2023 கோடையில் ‘தி மூன்’ சுமார் 2,800 கோடி வொன் செலவில் வந்தது. மேலே போட்ட கணக்குப்படி 64 லட்சம் பேர் பார்த்திருக்கவேண்டும். வந்தவர்கள் ஐந்து லட்சம். அடுத்தடுத்து நான்கு பெரிய படங்களை ஒரே கோடையில் இறக்கியது ஒரு காரணம். கடைசி அரைமணி நேரம் அழவைத்தே தீருவேன் என்ற பழைய சூத்திரத்தில் பார்வையாளருக்கு வந்துவிட்ட சலிப்பு இன்னொன்று.

மூன்றாவதுதான் எனக்கு உண்மையிலேயே கவலை தருவது. 2019-ல் கொரியாவில் 22.6 கோடி டிக்கெட் விற்றது. 2024-ல் 12.3 கோடி. கோவிட் காலத்தில் மூன்று முறை விலையை ஏற்றியதால் வார இறுதி டிக்கெட் 12,000 வொன்னிலிருந்து 15,000 ஆனது. அந்தக் காலத்தில் எடுத்து முடித்து வெளியிட முடியாமல் கிடங்கில் தூங்கிய படங்களில் நிதிகளின் பணம் முடங்கியது. தேர்ந்த இயக்குநர்களும் நடிகர்களும் நெட்ஃப்ளிக்ஸ் பக்கம் போக, நடிகர் சம்பளம் ஏறியது. 2024-லும் ‘எக்ஸ்யூமா’, ‘தி ரவுண்டப்: பனிஷ்மென்ட்’ இரண்டும் கோடியைத் தாண்டின. நொறுங்கியது நடுவே இருந்த அடுக்கு: முப்பது நாற்பது லட்சம் பேர் பார்க்கக்கூடிய, ஓரளவு துணிச்சலான, நடுத்தரச் செலவுப் படங்கள். ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ பிறந்தது அந்த அடுக்கில்தான். முதல் படம் தோற்ற இருபத்தெட்டு முப்பது வயது இயக்குநர் இன்று சோலில் இருந்தால் அவருக்கு இரண்டாவது படம் யார் தருவார் என்பதற்கு அந்தத் துறையிடம் இப்போது பதில் இல்லை.

உழைப்பவர்களின் நிலையையும் சேர்த்தே சொல்லவேண்டும். 2011-ல் ஓர் இளம் திரைக்கதை எழுத்தாளர் வறுமையில் இறந்த பிறகுதான் கலைஞர் நலச் சட்டம் நிறைவேறியது. 2014-ல் ‘ஓட் டு மை ஃபாதர்’ குழுவினர் அனைவரோடும் நிலையான தொழில் ஒப்பந்தம் போட்டு முன்மாதிரி ஆனது. ‘பாராசைட்’டும் வேலைநேர வரம்போடு எடுக்கப்பட்டதே. ஒழுங்கான நேரத்தில் தூங்க விட்டால் தரம் குறையும் என்ற வாதத்துக்கு அந்தப் படத்தின் நான்கு ஆஸ்கரும் போதுமான மறுப்பு.

பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் ‘ஜாயின்ட் செக்யூரிட்டி ஏரியா’. தணிக்கை போனபின் எதைப் பேச முடிந்தது என்பது அதில் தெரியும். அடுத்து ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’, உடனே அதே ஆண்டின் ‘சேவ் த கிரீன் பிளானட்’. இரண்டையும் தயாரித்தவர் சா சுங்-ஜே. ஒன்று ஓடியது, மற்றது ஓடவில்லை. ஏன் என்று நீங்களே யோசித்துப் பார்க்கலாம். பிறகு ‘சீக்ரெட் சன்ஷைன்’, ‘ட்ரெய்ன் டு பூசான்’, ‘பாராசைட்’. வேர் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டால், கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தன் யூடியூப் பக்கத்தில் பழைய படங்களை ஆங்கிலத் துணையுரையோடு இலவசமாக வைத்திருக்கிறது. 1961-ல் யூ ஹ்யுன்-மோக் எடுத்த ‘ஓபல்டன்’ அங்கே கிடைக்கும்.